ரோமானியருக்குத் தொப்பி மாட்டிய சித்திரக்காரர்



ரோமாபுரி என்று சொன்னதும் உங்கள் மனக்கண் முன் என்ன வந்து நிற்கிறது? பெரிய பெரிய கல் தூண்கள், இரும்புத் தொப்பி அணிந்த போர்வீரர்கள், தோளில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு சிலைபோல் விறைத்து நிற்கும் பெரிய மனிதர்கள். பாடப் புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கும். அவர்கள் சிரித்ததாகவோ, தும்மியதாகவோ, மழைக்கு ஒதுங்கியதாகவோ எந்தப் படத்திலும் காண முடியாது. அதே ரோமானியர் தலையில் ஒரு கறுப்பு நெட்டைத் தொப்பியை மாட்டி, கையில் குடையைக் கொடுத்து, காலில் பூட்சையும் போட்டுவிட்டால் எப்படி இருக்கும்? சிரிப்பு வருகிறதல்லவா?

பிரான்சு நாட்டில் 1959ஆம் ஆண்டு கோஸினி எழுத யுடெர்ஸோ வரைந்து வெளிவரத் தொடங்கிய ஆஸ்டெரிக்ஸ் படக்கதையில், ரோமானியப் படைவீரர்கள் அடி வாங்கிப் பறப்பதை நம் பிள்ளைகளில் சிலர் பார்த்திருக்கலாம். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1852ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில் ஒருவர் ரோமானியரை வைத்து நாட்டையே சிரிக்க வைத்துவிட்டார். அவர்தாம் ஜான் லீச். கார்ட்டூன் என்று நாம் இன்று எதைச் சொல்கிறோமோ, அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் வந்து சேர்ந்ததே அவருடைய படத்தால்தான். அன்னாரின் வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் அவருடைய பெயரைப் பாருங்கள். லீச் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அட்டை என்று பொருள். ஆமாம், மழைக்காலத்தில் நம் காலில் சத்தமில்லாமல் ஏறி இரத்தம் குடிக்கிறதே, அதே அட்டைதான்! அந்தக் காலத்து வைத்தியர்கள் கெட்ட இரத்தத்தை எடுப்பதற்காக அட்டைகளைப் புட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். நம்மில் ஒருவருக்கு இப்படி ஒரு பெயர் அமைந்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டோம். அவரோ தம் படங்களின் மூலையில் கையெழுத்துக்குப் பதிலாக, ஒரு புட்டியையும் அதற்குள் ஒரு அட்டையையும் வரைந்து விடுவார். பிறரைக் கேலி செய்கிறவன் முதலில் தன்னைக் கேலி செய்துகொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜான் லீச் 1817ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய தந்தையார் பெயரும் ஜான் லீச்தான். லட்கேட் ஹில் என்னும் இடத்தில் புகழ்பெற்ற ஒரு காப்பிக் கடையை, அதாவது தங்கும் விடுதியோடு சேர்ந்த பெரிய கடையை, அவர் நடத்தி வந்தார். பக்கத்தில் இருந்த நீதிமன்றத்தில் வழக்குக் கேட்கும் ஜூரிகள் ஒரு முடிவுக்கு வரமுடியாமல் போனால், இரவு அவர்களை அந்தக் கடையில்தான் பூட்டி வைப்பார்களாம்!

குழந்தை லீச்சுக்கு மூன்று வயது இருக்கும். தாயாரின் மடியில் உட்கார்ந்து பென்சிலால் ஏதோ கிறுக்கிக் கொண்டிருந்தது. பிளாக்ஸ்மேன் என்ற பெயர்பெற்ற சிற்பி அதைப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்குச் சித்திரப் பாடம் ஒன்றும் சொல்லிக் கொடுக்காதீர்கள், அவன் போக்கிலேயே விட்டுவிடுங்கள் என்று பெற்றோரிடம் கூறிவிட்டுப் போனாராம். பெற்றோரும் அப்படியே விட்டுவிட்டனர். நம் வீட்டில் என்ன செய்வோம்? கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் பையன் யானை போட்டால் காதைத் திருகுவோம். நான் குறை சொல்லவில்லை. புத்தகத்துக்குக் காசு கொடுத்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

ஏழு வயதில் லீச்சைச் சார்ட்டர்ஹவுஸ் என்னும் பள்ளியில் சேர்த்தார்கள். அது விடுதிப் பள்ளி. அம்மாவுக்கோ பிள்ளையைப் பிரிந்திருக்க மனமில்லை. அடிக்கடி போய்ப் பார்க்கவும் பள்ளியில் விடமாட்டார்கள். அந்தத் தாய் என்ன செய்தார் தெரியுமா? பள்ளித் திடலைப் பார்த்தாற்போல் இருந்த ஒரு வீட்டில் வாடகைக்கு ஓர் அறையைப் பிடித்தார். தினமும் அந்தச் சன்னலருகில் உட்கார்ந்து, மகன் விளையாடுவதை அவனுக்குத் தெரியாமலே பார்த்துக் கொண்டிருப்பாராம். பிள்ளையை ஆஸ்டலில் விட்டுவிட்டு வந்த தாய்மார்களுக்கு இதைப் பற்றி நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பள்ளியில் படிப்பு என்றால் இலத்தீன்தான். காலையில் இலத்தீன், மாலையில் இலத்தீன். இலத்தீன் என்பது பழைய ரோமானியர் பேசிய மொழி. அதில் செய்யுள் இயற்றவும் வேண்டும். லீச்சுக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது. அவருடைய செய்யுள் பாடத்தை உடன் படித்த ஒருவன் எழுதிக் கொடுத்துவிடுவான். ஆனால் பாருங்கள், பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்ததும் அந்தக் கசந்த பாடம்தான். அதே பள்ளியில் படித்தவர் தாக்கரே. பின்னாளில் ஆங்கில நாவலாசிரியர்களில் முதல் வரிசைக்கு வந்தவர். அவர் லீச்சைவிட ஆறு வயது மூத்தவர். அவர்களுடைய நட்பு கடைசிவரை நீடித்தது.

பதினாறு வயதில் லீச் மருத்துவம் படிக்கப் போனார். தந்தையாரின் விருப்பம் அது. செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் எலும்பையும் தசையையும் பார்த்து வரையும் பாடத்தில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது. பிறகு ஒரு வைத்தியரிடம் தொழில் பழக விட்டார்கள். அந்த வைத்தியரிடம் நோயாளிகளைவிடப் புறாக்கள்தான் அதிகம்! இதற்கிடையில் தந்தையாரின் தொழில் நொடித்துப் போயிற்று. மருத்துவப் படிப்புக்குக் கட்டப் பணமில்லை. வீட்டைத் தாங்கும் பொறுப்பு மகன் தலையில் விழுந்தது. கையில் இருந்த தொழில் ஒன்றே ஒன்று, படம் போடுவது. அதை வைத்துத்தான் பிழைத்தாக வேண்டும் என்ற நிலை பதினெட்டு வயதிலேயே வந்துவிட்டது.

1835ஆம் ஆண்டு முதல் சிறு படத்தொகுப்பு வெளிவந்தது. அதில் தம் பெயரைப் போடாமல் பேனாத் துரை என்று பொருள்படும் ஒரு புனைபெயரைப் போட்டுக்கொண்டார். 1836இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிவந்த பிக்விக் கதைக்குப் படம் போட்டவர் திடீரென்று இறந்துவிட, அந்த இடத்துக்கு லீச் முயன்றார். கிடைக்கவில்லை. தாக்கரேயும் முயன்றார். அவருக்கும் இல்லை. 1840ஆம் ஆண்டில் அஞ்சல் துறை ஒரு படம் போட்ட உறையை வெளியிட்டது. உலகம் முழுவதும் பிரிட்டிஷ் அஞ்சலால் பயன்பெறுவதாக ஏகப்பட்ட ஆடம்பரத்தோடு வரைந்திருந்தார்கள். லீச் அதைக் கேலி செய்து இன்னோர் உறை வரைந்தார். ஊரே வாங்கிற்று. அதே ஆண்டில், மருத்துவக் கல்லூரித் தோழர் பெர்சிவல் லீ எழுதிய சிரிப்பு இலத்தீன் இலக்கணம் என்ற நூலுக்கும் படம் போட்டார். வேப்பங்காய் இலத்தீன் இப்படித்தான் சோறு போடத் தொடங்கியது.

1841ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பஞ்ச் என்ற நகைச்சுவை வார ஏடு தொடங்கப்பட்டது. ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள் இதழில் லீச்சின் முதல் படம் வந்தது. அந்த ஆரம்பம் நல்லதாக இல்லை. முழுப்பக்கப் படம் அது. மரக்கட்டையில் செதுக்கி முடிக்க நாளாகி, இதழ் தாமதமாகி, விற்பனை விழுந்துவிட்டது!

மரக்கட்டையில் செதுக்குவதா என்று கேட்கிறீர்களா? அந்த நாளில் படம் அச்சிட வேறு சுலபமான வழியில்லை. பாக்ஸ் மரம் என்ற மிகக் கெட்டியான மரத்தை வழவழப்பாக இழைத்து, அதன்மேல் சித்திரக்காரர் பென்சிலால் படத்தை வரைவார். இடம் வலமாக, வலம் இடமாக மாற்றி வரைய வேண்டும். அச்சில் திரும்பி விழுமல்லவா? பிறகு செதுக்குகிறவர் வந்து, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் உளியால் எடுத்துவிடுவார். ஒரு மயிரிழை தவறினாலும் சிரிக்கிற முகம் அழுகிற முகமாகிவிடும். லீச் மெல்லிய பென்சில் கோட்டில் அழகாக வரைந்து கொடுப்பார். சனிக்கிழமை இதழ் வரும்போது செதுக்குகிறவர் அதை என்ன பாடு படுத்தியிருப்பார் பாருங்கள் என்று நண்பர்களிடம் குறைபட்டுக் கொள்வாராம். இப்படி வாரம் தவறாமல், இருபத்து மூன்று ஆண்டுகள் வேலை செய்தார். பஞ்ச் ஏட்டில் மட்டும் ஏறத்தாழ 3,000 படங்கள்.

இப்பொழுது கார்ட்டூன் கதைக்கு வருவோம். 1834ஆம் ஆண்டு இலண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்துபோயிற்று. புதிய மாளிகை எழும்பியது. அதன் சுவர்களில் பெரிய பெரிய வீரவரலாற்று ஓவியங்கள் தீட்டப் போட்டி வைத்தார்கள். சுவரில் தீட்டுமுன் கெட்டித் தாளில் முழு அளவில் வரையும் மாதிரிப் படத்துக்குத்தான் அந்நாளில் கார்ட்டூன் என்று பெயர். 1843ஆம் ஆண்டு சூலையில் அந்த மாதிரிப் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். ஊரில் பஞ்சம். வேலையில்லை, ரொட்டி விலை ஏறிக் கிடக்கிறது. அரசாங்கமோ படம் காட்டுகிறது.

லீச் அந்தக் கண்காட்சியையே படமாக வரைந்தார். சுவரில் சீமான்கள் சீமாட்டிகளின் ஓவியங்கள் பளபளவென்று தொங்குகின்றன. கீழே கந்தல் உடுத்தவர்களும், ஊன்றுகோல் பிடித்தவர்களும், எலும்பும் தோலுமான பிள்ளைகளும் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். வயிற்றுக்குக் கேட்டவர்களுக்குக் கண்ணுக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் அதன் கருத்து. பஞ்ச் ஏடு அதற்குக் கார்ட்டூன் எண் 1 என்று குறும்பாகப் பெயர் வைத்தது. அன்று முதல் அந்தச் சொல் பெரிய ஓவியர்களின் கையைவிட்டு நழுவிக் கேலிச்சித்திரக்காரர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. நம் தமிழில் மகாகவி பாரதியார் 1906ஆம் ஆண்டு முதல் தம் இந்தியா வார ஏட்டில் கருத்துப்படங்களை வெளியிட்டபோது, அவையும் இந்தப் பாதையில் வந்தவைதாம்.

அதே 1843ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் டிக்கன்ஸின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதை வெளிவந்தது. கருமி ஸ்குரூஜ் கதை. அதற்கு லீச் நான்கு வண்ணப் படங்களும் நான்கு மரச் செதுக்குப் படங்களும் போட்டார். பிக்விக் கதையில் கிடைக்காத இடம் இதில் கிடைத்தது. இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். 1849ஆம் ஆண்டு இரு குடும்பங்களும் கடற்கரை ஒன்றில் தங்கியிருந்தபோது, பெரிய அலை ஒன்று லீச்சை அடித்துத் தள்ளி, தலையில் பலமான அதிர்ச்சி ஏற்பட்டது. வைத்தியர் நெற்றியில் இருபது அட்டைகளை விட்டார். அட்டைக்கே அட்டை! டிக்கன்ஸ் அந்த நிலையிலும் இதைச் சொல்லிச் சிரிக்காமல் இருக்கவில்லை. ஆனால் தூக்கமில்லாமல் துடித்த நண்பரின் பக்கத்தில் அமர்ந்து, மனோவசிய முறையில் அவரைத் தூங்க வைத்தவரும் டிக்கன்ஸ்தான்.

சரி, ரோமாபுரிக்கு வருவோம். கில்பர்ட் அபட் ஆ பெக்கெட் என்பவர் இலண்டனில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். பகலில் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்வார், மற்ற நேரத்தில் பஞ்ச் ஏட்டுக்குச் சிரிக்கச் சிரிக்க எழுதுவார். அவரும் லீச்சும் சேர்ந்து முதலில் இங்கிலாந்தின் சிரிப்புச் சரித்திரம் என்ற நூலை வெளியிட்டனர். அது நன்றாக ஓடியது. அதன் பின்னர் வந்ததுதான் ரோமாபுரியின் சிரிப்புச் சரித்திரம். நகரம் தோன்றிய கதையில் தொடங்கி, குடியரசு முடியும் காலம் வரைக்கும் எழுதியிருந்தார். பத்து வண்ணப் படங்கள், 98 மரச் செதுக்குப் படங்கள். வண்ணப் படங்களுக்கு வேறு முறை. உலோகத் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் முக்குவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரித்துக் கோடாக்கும். அச்சிட்ட பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே வண்ணம் தீட்ட வேண்டும்.

இந்த நூலில் லீச் செய்த வேலை என்ன? கதை பழைய ரோமாபுரி. தூண் இருக்கிறது, தோகா என்ற வெள்ளைப் போர்வை இருக்கிறது, வாள் இருக்கிறது, கேடயம் இருக்கிறது. ஆனால் தோகாவுக்கு மேலே இலண்டன் கனவானின் நெட்டைத் தொப்பி. செருப்புக்குப் பதிலாக பூட்ஸ். கையில் குடை. சீமாட்டிகளைப் பார்த்தால் அந்த ஆண்டு இலண்டன் கடைத்தெருவில் துணி எடுக்க வந்தவர்களைப் போல் இருப்பார்கள். நம் ஊர்த் திருவிழா நாடகத்தில், அரசர் பரம்பரைக் கதை நடந்து கொண்டிருக்கும்போதே பபூன் நடுவில் வந்து இன்றைய அரிசி விலையைப் பற்றிப் பேசுவானே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில கதைகளைச் சொல்கிறேன், கேளுங்கள். டார்க்குவின் என்ற கர்வம் பிடித்த அரசனிடம் ஒரு கிழவி ஒன்பது சுவடிகளை விற்க வந்தாள். அரசன் விலை அதிகம் என்றான். கிழவி மூன்றைத் தீயிலிட்டுவிட்டு மீதி ஆறுக்கும் அதே விலையைக் கேட்டாள். மறுபடியும் மறுத்தான். இன்னும் மூன்றை எரித்தாள். கடைசி மூன்றையும் அதே விலைக்கு அரசன் வாங்கிக் கொண்டான். எதிர்காலத்தைச் சொல்லும் தெய்வச் சுவடிகள் அவை என்று ரோமானியர் நம்பினர். லீச் அதை எப்படிக் காட்டுகிறார்? பழைய புத்தகக் கடையில் விலை மதிப்பிடுகிற மாதிரி, அரசன் சுவடிகளுக்கு விலை போடச் சொல்கிறான்!

கி.மு. 280இல் பிர்ரஸ் என்ற மன்னன் யானைப் படையோடு கடல் கடந்து இத்தாலிக்கு வந்தான். ரோமானியர் போரில் யானையைச் சந்தித்தது அப்போதுதான். நடுங்கிப் போனார்கள். அந்தப் படத்தின் கீழே படை என்று எழுதவில்லை, நாடகக் கோஷ்டியோடு வந்து இறங்கினான் என்று எழுதியிருக்கிறது. இரண்டு சொல்லும் ஆங்கிலத்தில் கேட்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். கார்த்தேஜ் நாட்டு ஹானிபால் சிறுவனாக இருக்கும்போதே ரோமானியரை என்றும் பகைப்பேன் என்று தந்தையின் முன் சத்தியம் செய்ததும் வண்ணப் படமாக இருக்கிறது. தன் பிள்ளைகளே தனக்கு நகைகள் என்று காட்டிய கொர்னீலியா அம்மையாரும் இருக்கிறார். கி.மு. 63இல் சிசரோ மன்றத்தில் எழுந்து கட்டிலைன் என்பவனின் சதியை வெளிப்படுத்திய காட்சியும் உண்டு.

இதில் ஒரு நுட்பம் உண்டு, பிள்ளைகளே. கோணல்மாணலாக வரைந்தால் கேலிப்படம் ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மருத்துவமனையில் எலும்பையும் தசையையும் பார்த்துப் பார்த்து வரைந்த கை அது. அதனால்தான் ஒருவன் குனிந்தால் உண்மையாகவே குனிகிறான், விழுந்தால் உண்மையாகவே விழுகிறான். தோகாவின் மடிப்பு சரியாக விழுந்தால்தான் மேலே இருக்கும் தொப்பி சிரிப்பை வரவழைக்கும். தோகாவும் தப்பு, தொப்பியும் தப்பு என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்?

பெரியவர்களை இப்படிச் சிரிப்புக்கு ஆளாக்கலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. இங்கிலாந்தின் சிரிப்புச் சரித்திரம் வருகிறது என்றவுடனேயே, பஞ்ச் ஏட்டில் எழுதிவந்த டக்ளஸ் ஜெரால்டு மனம் வருந்தி டிக்கன்ஸுக்குக் கடிதம் எழுதினார். எல்லாவற்றையுமே கேலி செய்யத் தொடங்கினால் பிறகு மனிதனுக்கு மதிப்பதற்கு என்ன மிஞ்சும் என்பது அவர் கவலை. அது நியாயமான கவலைதான். சான்றோர் வரலாற்றைப் பிள்ளைகள் தலை வணங்கிப் படிக்க வேண்டும் என்று விரும்பும் பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. ஆ பெக்கெட்டோ, தாம் கூறும் நிகழ்ச்சிகள் யாவும் உண்மையே, சொல்லும் விதத்தில்தான் சிரிப்பு என்று வாதாடினார்.

இதில் என் கட்சி மாஜிஸ்திரேட் கட்சிதான். ஏனென்று கேட்டால், வகுப்பில் பிள்ளைகள் எதைப் பார்த்து ஒருமுறை சிரித்தார்களோ அதை மறப்பதில்லை. பத்து முறை மனப்பாடம் செய்த ஆண்டுக் கணக்கு மறுநாளே பறந்துவிடுகிறது. அதோடு, அந்த ரோமானியர் தலையில் தொப்பியை வைத்ததும் இன்னொன்றும் நடக்கிறது. பதவிக்கு அலைகிறவன், கூட்டத்தில் கத்துகிறவன், பின்னால் நின்று குழி பறிக்கிறவன், இவர்களை நாம் எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றிவிடுகிறது. லீச் கேலி செய்தது ரோமாபுரியை மட்டுமா, இலண்டனையுமா என்பதைப் பெற்றோர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

புகழ் வந்தது. பஞ்ச் ஏட்டின் மூலம் மட்டும் அவர் வாழ்நாளில் 40,000 பவுன் சம்பாதித்ததாகச் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பவுன்! ஆனாலும் தந்தையாரையும் உடன்பிறந்தாரையும் தாங்கும் சுமை தோளைவிட்டு இறங்கவில்லை. ஓய்வெடுக்க அஞ்சினார்.

1862ஆம் ஆண்டில் நடந்த ஒரு செய்தி நமக்குச் சுவையானது. தம் சிறிய படங்களைப் பெரிதாக்கிக் கண்காட்சி வைக்க விரும்பினார். எப்படிப் பெரிதாக்குவது? படத்தை ஒரு கித்தாத் தகட்டில் பதித்து, நான்கு பக்கமும் ஒரே சீராக இழுத்தார்கள். கித்தா நீள, படமும் நீண்டு பெரிதாயிற்று. அதைப் படியெடுத்து, மேலே எண்ணெய் வண்ணம் தீட்டினார். கண்காட்சியில் ஏறத்தாழ 5,000 பவுன் வருமானம்! அந்த நாளில் நம் மலாயாவில் கித்தாத் தோட்டங்களும் இல்லை, பிரேசில் பால்மரமும் இல்லை. அந்த மரத்தின் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததே 1877ஆம் ஆண்டில்தான்.

இனிச் சொல்லப் போவது கசப்பானது. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது. லீச்சுக்கு வயது ஏற ஏறச் சத்தம் ஆகாமல் போயிற்று. இலண்டன் தெருக்களில் கைப்பிடியைச் சுற்றிப் பாட்டு வாசிக்கும் பெட்டிக்காரர்கள் நிறைய இருந்தார்கள். சன்னலுக்குக் கீழே வந்து நின்று மணிக்கணக்கில் வாசிப்பார்கள். காசு கொடுத்தால்தான் நகர்வார்கள். இரவு பகலாக வேலை செய்யும் லீச்சுக்கு அது தலைக்குள் ஆணி அடிப்பது போல் இருந்தது. வீடு மாறிப் பார்த்தார், கென்சிங்டன் பகுதிக்குப் போனார். அங்கேயும் பெட்டி வந்தது. பஞ்ச் ஏட்டில் அந்தப் பெட்டிக்காரர்களை மூர்க்கர்களாக, குரங்கைப் போன்ற முகத்தினராகத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

அந்தப் பெட்டிக்காரர்கள் யார்? பெரும்பாலும் இத்தாலிய நாட்டு ஏழைகள். மலைக் கிராமங்களில் பிழைக்க வழியில்லாமல், மொழி தெரியாத நாட்டுக்கு வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர்கள். பலருக்குப் பெட்டிகூடச் சொந்தமில்லை, முதலாளியிடம் வாடகைக்கு எடுத்தது. பழைய ரோமாபுரி இருந்த அதே இத்தாலிதான். புத்தகத்தில் வந்த ரோமானியரைத் தம் பக்கத்து வீட்டுக்காரரைப் போல் ஆக்கிக் காட்டியவர், தம் வீட்டு வாசலில் வந்து நின்ற இத்தாலியரை மனிதராகப் பார்க்கவில்லை. 1843இல் கந்தல் உடுத்த ஏழைகளை அவ்வளவு கனிவோடு வரைந்த அதே கைதான் இதையும் வரைந்தது. அயர்லாந்துக்காரர்களை வரையும்போதும் அவர் கோடு இப்படித்தான் கடுமையாகும். அவர் நோயாளி, நொந்து போனவர் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. கடல் கடந்து பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் படங்களைப் பார்க்கும்போது நமக்குச் சிரிப்பு வராது.

மைக்கேல் பாஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தெரு இசையைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தார். லீச்சின் நண்பர்கள் அதற்கு ஆதரவாக நின்றார்கள். 1864ஆம் ஆண்டு சூலையில் சட்டம் நிறைவேறியது. வீட்டுக்காரர் போகச் சொன்னால் பெட்டிக்காரர் போக வேண்டும். ஆனால் அதற்குள் லீச்சின் இதயம் பழுதுபட்டிருந்தது. அதற்கு முந்திய ஆண்டு 1863 திசம்பர் 24ஆம் நாள் பள்ளித் தோழர் தாக்கரே திடீரென்று இறந்துபோனது அவரை ஆட்டிவிட்டது. நெஞ்சுவலி அடிக்கடி வந்தது. வைத்தியர்கள் ஓய்வு கொள்ளச் சொன்னார்கள். வாரப் படத்தை எப்படி நிறுத்துவது?

1864ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள், நாற்பத்தேழாவது வயதில் ஜான் லீச் காலமானார். நவம்பர் 4ஆம் நாள் கென்சல் கிரீன் இடுகாட்டில், தாக்கரேயின் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். பஞ்ச் ஆசிரியர் மார்க் லெமன், கூட வரைந்த டெனியல், ஓவியர் மில்லே ஆகியோர் சவப்பெட்டிக்குத் துணையாக நடந்தனர். மறுநாள் 5ஆம் தேதியிட்ட பஞ்ச் இதழில் அவர் ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்த கடைசிப் படம் வெளிவந்தது. அதுவும் சிரிப்புப் படம்தான்.